குடத்தின் மேல் ஒட்டிய கறுப்பு

படத்தை நூறு பேர் பார்த்தால் போஸ்டரை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். பலாங்கொடையில் பதினோரு வருஷம் போஸ்டர் ஒட்டியவன் சொல்கிறேன், நம்பலாம். தியேட்டருக்குள் வராதவர்களுக்கு போஸ்டர்தான் படம். ஓப்பநாயக்க பக்கத்துத் தோட்டங்களில் தியேட்டர் வாசலையே மிதிக்காத பெண்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் கேட்டால் எந்தப் படத்தில் யார் யாரைக் கட்டினாள், யார் கடைசியில் செத்தாள் என்று முழுக்கதையும் சொல்வார்கள். பெரட்டுக்களத்துச் சுவரில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும்வரை நின்று, நான் ஒட்டிய தாளைப் பார்த்துத் தாங்களாகவே கட்டிய கதை அது. நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். ஆள் வந்தால் போதும், கதை எதுவாக இருந்தால் எனக்கென்ன என்றுதான் அப்போது நினைத்தேன்.

என் பெயர் இந்திரகுமார். சொந்த ஊர் பெல்மதுளைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டப் போகப் பிடிக்காமல் டவுனுக்கு வந்தவன். தியேட்டரில் விளம்பரம் என் வேலை. வாசலில் டிக்கெட் கிழிப்பதும், ஒப்பரேட்டர் குடித்துவிட்டு வராத நாட்களில் படம் ஓட்டுவதும் நான்தான். தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் புவாட் முதலாளி. நல்ல மனிதர். இந்தக் கதையில் நடந்த எதற்கும் அவர் மேல் பழி போட நான் தயாரில்லை. யோசனை என்னுடையது.

தொண்ணூற்றாறாம் வருஷம் தியேட்டர் இழுத்துக்கொண்டு கிடந்தது. தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் டிவி வந்துவிட்டது. கரண்ட் இல்லாத இடத்தில் கார் பெட்டரி வைத்துப் பார்த்தார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ படங்களைப் போடத் தொடங்கினார். இரண்டாவது வாரமே பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சிலர் வந்து வாசலில் நின்றார்கள். பிள்ளைகள் போகிற வழியில் இந்தக் கண்றாவியை ஒட்டலாமா என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறைத்தால் போதுமா, இதோ மறைக்கிறேன் என்று அச்சகத்தில் தடித்த கறுப்புக் காகிதம் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, வேண்டாத இடங்களில் எல்லாம் ஒட்டிவிட்டேன்.

அந்த வாரம் தியேட்டர் நிரம்பியது.

எனக்கே விளங்கச் சில நாள் ஆனது. மறைக்காத போஸ்டரை ஒருவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறான். கறுப்புத் துண்டைப் பார்த்தவன் நிற்கிறான். பஸ் ஸ்டாண்டில் ஒரு த்ரீவீல் டிரைவர் என் தோளைத் தட்டி, “மல்லி, ஓக யட மொனவத?” என்று கேட்டான். தம்பி, அடியில் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்கிறான். நான் சிரித்தேனே தவிர பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதுதான் விளம்பரம் என்று அன்றைக்குக் கண்டுபிடித்தேன். பிறகு சுத்தமான படங்களுக்குத் துண்டு இல்லை, அந்த மாதிரிப் படங்களுக்குத் துண்டு உண்டு என்று ஊரே பழகிவிட்டது. தூரத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஆகஸ்ட் மாதச் சம்பள வாரம் கொழும்பிலிருந்து வர வேண்டிய படப்பெட்டி வரவில்லை. வழியில் எங்கோ ரோட்டை மூடிவிட்டார்கள் என்று லொறி திரும்பிப் போய்விட்டது. அந்தப் போர்க் காலத்தில் அதற்குக் காரணம் கேட்பவர் யாரும் இல்லை. முதலாளி டெலிபோனில் தொண்டை வற்றக் கத்தி, அவிசாவளையில் ஒரு பழைய ஏஜெண்டிடம் கிடந்த பெட்டி ஒன்றை பஸ்ஸில் ஏற்றி வரவழைத்தார். எழுபத்தைந்தில் இந்த நாட்டிலேயே, அதுவும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலேயே எடுத்த ஒரு தமிழ்ப் படம். பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் படத்துக்கு நான் செய்த கெடுதல் போதும்.

பெட்டியோடு இருபத்திரண்டு போஸ்டர் வந்தது. எல்லாம் பழுப்பேறி, மடிப்பில் உதிரத் தொடங்கியவை.

முதலாளி ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இதுக்கு ஒரு மனிசனும் வர மாட்டான் இந்திரன். சம்பளக் கிழமையும் இப்பிடிப் போனா நான் தியேட்டர மூடிட்டு சீமெந்து விக்கத்தான் போகணும்.”

“எங்கிட்ட விடுங்க மொதலாளி” என்றேன்.

போஸ்டரைத் தரையில் விரித்து வைத்து யோசித்தேன். நடுவில் கதாநாயகன். பக்கத்தில் கதாநாயகியின் முகம் பெரிதாக, கழுத்துவரைதான். அதில் மறைக்க இடமில்லை. கீழே வலது மூலையில் இன்னொரு பெண், பதினெட்டு பத்தொன்பது வயதிருக்கும், மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் பிடித்துக்கொண்டு திரும்புகிறாள். கழுத்துவரை மூடிய ரவிக்கை, முழங்கைவரை கை. ஒரு பித்தளைக் குடத்தை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பீலித் தண்ணீர் காலில் தெறித்துக் கணுக்கால் ஈரமாக இருந்தது.

கழுத்துக்குக் கீழிருந்து முட்டிவரை ஒரு கறுப்புத் துண்டை ஒட்டினேன். ரவிக்கை, கை, குடம் எல்லாம் உள்ளே போயிற்று. மேலே சிரித்த முகம், கீழே ஈரக் கால். எழுந்து நின்று பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. குடம் இருந்த இடம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண் அந்தத் துண்டின் மேல்தான் போய் நின்றது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மற்றதற்கும் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்ட், சாராயக்கடைச் சந்து, ஓப்பநாயக்க சந்தி, மேலே நாலு தோட்டத்துப் பெரட்டுக்களம் என்று எல்லா இடத்திலும் ஒட்டி முடித்தேன். ஒன்று மட்டும் ஒபீஸில் மிஞ்சியது.

சனிக்கிழமை பகல் காட்சிக்கே கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. படம் பாவம், ஒரு அண்ணன் தங்கையின் கதை. அழுகையும் பாட்டும்தான். குடத்துப் பெண் இரண்டே இடத்தில் வருகிறாள். ஒன்றில் கதாநாயகனுக்கு வழி சொல்கிறாள். இன்னொன்றில் பீலியிலிருந்து குடத்தைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு கல்லுக்குக் கல் தாண்டிப் போகிறாள். அவள் வந்ததும் விசிலடித்தார்கள். போனதும் காத்திருந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் சிலர் எழும்பாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அடிக்க வருவார்கள் என்று நான் டிக்கெட் அறைக்குள் நின்றேன். யாரும் வரவில்லை. படியிறங்கும்போது ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது காதில் விழுந்தது.

“வெட்டிட்டானுங்க மச்சான். கொடத்த எறக்கி வைக்கிற எடத்துல பாத்தியா, ஒரு துள்ளு துள்ளுச்சி. அங்கனதான் இருந்திருக்கும்.”

மாலைக்குள் அது ஊர்ச் செய்தியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெட்டாத துண்டை ஓட்டுகிறார்களாம் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமையும் நிரம்பியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “என்னத்த செஞ்சீங்க?” என்று கேட்டார். “போஸ்டர் நல்லா ஒட்டினேன்” என்றேன். அடுத்த வாரமும் இதையே ஓட்டலாம் என்று அவர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை பசைக்கு மா வாங்க மயில்வாகனம் அண்ணன் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் பலசரக்குக் கடை. ஏழு வருஷமாக அங்கேதான் கோதுமை மா வாங்குகிறேன். போஸ்டரைத் தின்ன வரும் மாட்டுக்குப் பிடிக்காமல் இருக்கப் பசையில் கலக்கிற மயில்துத்தம் கொஞ்சமும் அங்கேதான். அண்ணன் கல்லாவில் இருப்பார், அவர் சம்சாரம் மங்கையர்க்கரசி அக்கா மா நிறுப்பார். நாற்பது வயது, கொஞ்சம் பருத்த உடம்பு, கண்ணாடி. எப்போதும் ஒரு கை மா கூடப் போடுகிற மனுஷி.

அன்றைக்குக் கல்லாவில் யாரும் இல்லை. கடை வாசலில் ஆறேழு பேர் நின்றார்கள். ஒருவன் ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். அவன் நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டே எனக்கு மா நிறுத்தார். அவர்கள் போகும்வரை பேசவில்லை. பிறகு பொதியை நீட்டியவர் கையை விடாமல் சொன்னார்.

“தம்பி, ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணுங்க.”

“கேளுங்கக்கா.”

“என் கொடத்து மேல எதுக்குங்க கறுப்ப ஒட்டுனீங்க?”

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் மேலே வளைந்த அதே வாய். இருபத்திரண்டு தாளில் அந்த முகத்துக்குக் கீழே என் கையால் அமுக்கி ஒட்டியிருக்கிறேன்.

“நீங்களாக்கா அது?”

“நாந்தாங்க. ஓப்பநாயக்க தோட்டத்துலதான எங்க லயம். படம் எடுக்குறவங்க வந்து, கொடத்தோட கல்லுத் தாண்டுறதுக்கு ஆளு தேடுனாங்க. அவங்க கூட்டிட்டு வந்த பொண்ணு ரெண்டு வாட்டி விழுந்திருச்சி. நான் தண்ணி சிந்தாம போனேன். எங்கப்பா பக்கத்துலயே நின்னாருங்க. இடுப்புலதான் வச்சிருந்தேன். அப்பிடி வச்சா போட்டோவுல கொடம் விழாதுன்னு நெஞ்சோட வைக்கச் சொன்னாங்க.” கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “அவ்வளவுதாங்க தம்பி. வேற ஒன்னுமே இல்லீங்க.”

“தெரியுங்கக்கா. நாந்தான ஒட்டுனேன். எனக்குத் தெரியும்.”

“ஒங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது” என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. “இவருக்குத் தெரியணுமே. என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பவே, படத்துல நடிச்ச புள்ளன்னு பெருமையாத்தான் வந்தாரு. இருவது வருஷமா கடைக்கு வாறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு. சனிக்கிழமைலேருந்து ஏங்கூட பேசுறதில்ல. பழைய ட்ரங்குப் பெட்டியெல்லாம் கவுத்துத் தேடுறாரு. என்னத்தத் தேடுறாருன்னு தெரியல. மக டிலானி கிளாசுக்குப் போகமாட்டேன்னு படுத்துக் கெடக்குது.”

அண்ணன் எனக்கும் சொல்லியிருக்கிறார், ஏதோ பழங்கதை என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்காவே ஒரு வழி சொன்னார்.

“கறுப்பு ஒட்டாத தாள் ஒன்னு இருந்தா குடுங்க. அவருகிட்ட காட்டிட்டு, கடையிலேயே ஒட்டி வச்சிர்றேன். வாறவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்.”

“இருக்குக்கா. பகலுக்குள்ள கொண்டாறேன்” என்றேன். இருக்கவில்லை. ஒபீஸில் மிஞ்சியிருந்ததிலும் துண்டு ஒட்டித்தான் இருந்தது.

அதைக் கழற்றிவிடலாம் என்று நம்பினேன். தகரத் தட்டில் வெந்நீர் ஊற்றிப் போஸ்டரை ஊறவைத்தேன். என் பசையைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. மூன்று மழை தாங்கும் பசை. இருபது வருஷத்துத் தாள் ஊறிக் கூழாகத் தொடங்கியது, துண்டு அசையவில்லை. மெல்ல நுனியைப் பிடித்து உரித்தேன். துண்டு வந்தது. குடமும் அதோடு வந்துவிட்டது. மேல்தாள் முழுக்கத் துண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, போஸ்டரில் அந்த இடம் வெள்ளையாக நின்றது. முகம் இருந்தது, கால் இருந்தது, நடுவில் ஆள் இல்லை. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் கறுப்பே பரவாயில்லை என்பார்கள்.

அவிசாவளைக்குப் போன் போட்டேன். அந்த இருபத்திரண்டுதான் மிச்சம், மற்றது கறையான் தின்றுவிட்டது என்றான் ஏஜெண்ட்.

சரி, ஒட்டியதையாவது கிழிப்போம் என்று புறப்பட்டேன். சாராயக்கடைச் சந்திலிருந்து தொடங்கி ஓப்பநாயக்கவரை போய், கையில் வந்தமட்டும் கிழித்தேன். அதுவும் எனக்கே வினையாயிற்று. பெரட்டுக்களத்தில் நின்ற ஒரு கங்காணி, “என்னாங்க, பொலிசு கழட்டச் சொல்லிட்டானா? அப்ப நெசமாத்தான் இருந்திருக்கு” என்றார். கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி, வெள்ளையம்மா என்று பேர், படமே பார்க்காதவள், “அந்தப் புள்ள பீலிக்கரையில குளிக்கிறாப்ல வருமாம். கடைக்கார அம்மாதானாம் அது” என்று எனக்கே சொன்னாள்.

“குளிக்கலங்க. தண்ணிதான் தூக்குது. நான் ஓட்டுன படம், எனக்குத் தெரியாதா” என்று எரிந்து விழுந்தேன்.

“தண்ணி தூக்குறத எதுக்குங்க மறைக்கிறாங்க?” என்றாள். கேலி இல்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் உயரத்தில் ஒட்டிய ஒன்றை மட்டும் ஏணி இல்லாமல் கிழிக்க முடியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, “அந்த மனிசிட கையால நானும் சாமான் வாங்கிருக்கேன். படத்த நிப்பாட்டுங்க” என்றார். நிறுத்தும் முன் ஒரு காரியம் செய்ய எனக்கு அனுமதி கேட்டேன். மயில்வாகனம் அண்ணனைக் கூப்பிட்டு வந்து, யாரும் இல்லாத தியேட்டரில் அவருக்கு மட்டும் படத்தை ஓட்டிக் காட்டுவது. தாள் பொய் சொன்னது, படம் பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

அண்ணன் வந்தார். ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான, அந்த ஒரு பெருமையைத் தவிர மற்றதில் வார்த்தையை எண்ணிப் பேசுகிற மனிதர். மூன்று நாள் சவரம் செய்யவில்லை. வெறும் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அந்த ரீலை மட்டும் போட்டேன். அவர் சம்சாரம் பத்தொன்பது வயதில் குடத்தைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு கல் தாண்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. திரையில் பெண் கடைசிக் கல்லுக்கு வந்து குடத்தை இறக்கக் குனிந்தபோது படம் ஒரு துள்ளுத் துள்ளி, அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

“திருப்பிப் போடுங்க” என்றார்.

திருப்பிப் போட்டேன். மூன்றாவது தடவை அவரே மேலே ஏறி வந்துவிட்டார். ரீலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொன்னார். குனிகிற இடத்துக்கு அடுத்த படக் கட்டத்தில் ஒட்டு இருந்தது. பழைய பிரிண்ட். அந்த ஒரு ரீலில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒட்டு இருக்கும். அறுந்த இடத்தில் இரண்டு கட்டத்தை வெட்டிவிட்டு ஒட்டுவது எல்லா ஒப்பரேட்டரும் செய்வதுதான். மற்ற ஒட்டுகளையும் வரிசையாகக் காட்டினேன். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. விரலை அந்த ஒரே ஒட்டின் மேல் வைத்திருந்தார்.

“இந்த எடத்துல வெட்டிருக்குங்களே.”

“அறுந்துருக்கும் அண்ணே. ரெண்டு கட்டந்தான் போயிருக்கும். கண்ண மூடித் தெறக்குற நேரங்கூட இல்ல.”

“நீங்க பாத்தீங்களா, போன கட்டத்துல என்ன இருந்துச்சின்னு?”

“இல்லண்ணே. ஆனா...”

“எழுவத்தஞ்சுல ரத்தினபுரில நான் இத ரெண்டு வாட்டி பாத்தேங்க” என்றார். “அதப் பாத்துட்டுத்தான் பொண்ணு கேட்டுப் போனேன். இப்ப யோசிக்கிறேன். அன்னிக்கு நான் பாத்தது முழுப் படமா, வெட்டுன படமா?”

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. “அண்ணே, கொடத்து மேலதான் ஒட்டுனேன். எங்கம்மா மேல சத்தியமா கொடம். கூட்டம் வரணுமின்னு ஒட்டுனேன். பொய்க்கு ஒட்டுனேன்” என்றேன்.

அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். “ஏழு மாசமா நீங்க ஒட்டுன எல்லாத்துலயும் கீழ ஏதோ இருந்துச்சில்லங்களா?” என்றார். “இதுல மட்டும் எப்பிடிங்க இல்லாமப் போவும்?”

புதன்கிழமை காலை ஒரு ஏணியைச் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எனக்கு முன்பே அங்கே ஒரு மேசை போட்டிருந்தது. மயில்வாகனம் அண்ணன் கடை மேசை. அதன் மேல் அவரே நின்றிருந்தார். ஒரு கையில் ஈரத்துணி, மறு கையில் சவர்க்காரம் வெட்டுகிற கத்தி. சுவரில் மிஞ்சியிருந்த அந்தப் போஸ்டரின் மூலையில் கறுப்புத் துண்டை நனைத்து நனைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓப்பநாயக்க பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கச் சுற்றி நின்றது. சிங்களத்திலும் தமிழிலும் கிசுகிசுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூட எனக்குப் பரவாயில்லை. அவர்களும் அவரைப் போலவேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்ன வரப்போகிறது என்று.

“அண்ணே, உரிக்காதீங்க. தாளோட வந்துரும்” என்று நான் கத்தினேன். அவர் காதில் விழவே இல்லை.

அக்கா எதிர்வரிசைக் கடையிலிருந்து ரோட்டைக் கடந்து வந்தார். கையில் மா படிந்திருந்தது. சனம் தானாக விலகி வழிவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் புருஷன் தன் படத்தின் கழுத்துக்குக் கீழே கத்தியால் சுரண்டுவதை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் ஒரு நாளும் போஸ்டரில் ஒட்ட மாட்டேன்.

துண்டு உரிந்து வந்தது. நான் சொன்னபடி தாளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து, மேசையில் விழுந்து, அங்கிருந்து அக்காவின் காலடியில் விழுந்தது. சுவரில் வெள்ளை. அண்ணன் அந்த வெள்ளையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பினார். அப்போதுதான் அக்கா நிற்பதைக் கண்டார்.

“என்னத்தத் தேடுறீங்க?” என்றார் அக்கா. மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. “இருவது வருஷமா வீட்டுல இருக்கேன். ரெண்டு புள்ள பெத்துருக்கேன். எங்கிட்ட நீங்க பாக்காதது என்னாங்க அந்தச் செவத்துல இருக்கு?”

அண்ணன் கத்தியை மேசையில் வைத்தார். ஒரு கிழவர் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

அக்கா குனிந்து கீழே கிடந்த கறுப்புத் துண்டை எடுத்தார். ஈரமாகத் தொங்கியது. புரட்டிப் பார்த்தார். அடியில் வெறும் வெள்ளை. உரிந்து வந்த தாளின் முதுகுதான் தெரிந்தது. குடத்தின் முகம் கறுப்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே கவிழ்ந்து கிடந்தது. ரவிக்கையும் இரண்டு கையும் அதற்குள்தான். அவர் கடை மாவில் நான் காய்ச்சிய பசை.

என்னைப் பார்த்தார்.

“கொடம் இதுலதான இருக்கு தம்பி?”

“ஆமாக்கா.”

“தண்ணில ஊறப்போட்டா வந்துருங்களா?”

ஏழு வருஷம் ஒரு கை மா கூடப் போட்டுக் கொடுத்த மனுஷி. வரும் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசை. சுவர் சுவராகப் பொய் ஒட்டியவனுக்கு இன்னொரு பொய் என்ன கஷ்டம். ஆனால் அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டியில் போடுவார், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், அண்ணனும் பார்ப்பார்.

“வராதுக்கா” என்றேன்.

அவர் தலையாட்டினார். துண்டை நாலாக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். அண்ணன் பத்தடி பின்னால் நடந்தார். கடைப் படியில் கால் வைத்த அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அண்ணன் படியில் நின்று, ஒரு தடவை திரும்பி, சுவரில் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.